கலெக்டரின் கழுத்துக் கட்டியும் ஒரு பூண்டுப் பல்லும்

மதினி,

இப்போது நான் எழுதப்போகும் கதையை நம்புகிற ஆள் இந்த மலை மேலே ஒருவரும் இல்லை. கீழே இறங்கிப் பழனி வரை தேடினாலும் அகப்படமாட்டார். பூண்டு மூட்டை மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். கைக்கு எட்டிய தூரத்தில் அதைவிடப் புனிதமான பொருள் எதுவும் இல்லை.

உங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் இந்த வருஷத்து விதைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. புகையும் பூண்டும் கலந்த அந்த வாசனைக்குக் கீழேதான் இன்று காலையில் உட்கார்ந்து கலெக்டரைத் தடவிக்கொண்டிருந்தேன். "வெள்ளிக்கெழமை தவறாம தலையில இருந்து வால் வரைக்கும் தடவணும் கொழுந்தனாரே. கொஞ்சுறதுக்கு இல்ல, தேடுறதுக்கு" என்பது நீங்கள் போட்டுவிட்டுப் போன உத்தரவு. விலாப் பக்கம் வந்தபோது விரல் எதிலோ தட்டி நின்றது. தோலுக்கு அடியில் ஒரு கட்டி.

மூக்கில் பூண்டு, விரலடியில் கட்டி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததும் ஆறு வருஷம் பின்னால் போய் விழுந்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வேறு யாராவது இந்தக் கடிதத்தைப் பிரித்தால் குழம்பக்கூடாது, அதனால் ஒன்று சொல்லிவைக்கிறேன். கலெக்டர் என்பவர் பூனை. பெயர் வைத்தது நான். புலிக்குப் பெரியப்பா மகன் முறை. நம் வில்பட்டித் தோட்டங்களில் இறங்குகிற காட்டுமாடுகள் அவரைக் கண்டால் குளம்பைத் துடைத்துவிட்டுத்தான் வரப்பில் கால் வைக்கும். சிறுத்தைகள் கையில் மனுவோடு அவர் முன்னால் வரிசையில் நின்றதை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். அன்று மூக்குக்கண்ணாடி போட மறந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

நிஜத்தில் அவர், அண்ணன் ஒரு மழைநாளில் கேரட் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எடுத்துவந்த ஈரக்குட்டி. அண்ணன் போன பிறகு அண்ணனின் கம்பளியில் படுக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான் இருந்தது. அந்த வீட்டுக்குள் நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் திரும்பக் குரல் கொடுக்க மிச்சமிருந்தவரும் அவர்தான். அதனால் அவர் கழுத்தில் நீங்கள் கட்டியைக் கண்டுபிடித்த அன்று, அது ஒரு பூனையின் சமாச்சாரமாக மட்டும் இருக்கவில்லை.

"கொழுந்தனாரே, இங்க வாங்க. கையக் கொடுங்க" என்று என் விரலைப் பிடித்து அவர் கழுத்தில் வைத்தீர்கள். சின்னதாக, கல் மாதிரி இருந்தது.

நான் ஏழு தலைமுறை வைத்தியன் போலத் தொண்டையைச் செருமினேன். "ஒண்ணுமில்ல மதினி. நாலு பல்லு பூண்டோட மஞ்சள அரச்சுப் பத்துப் போட்டா மூணே நாளு. கட்டி மட்டுமில்ல, கழுத்தே காணாமப் போயிரும்."

சொன்னதோடு நிற்கவில்லை. அம்மியில் பாதி அரைத்தும்விட்டேன். நீங்கள் அம்மியைப் பார்த்தீர்கள், பூனையைப் பார்த்தீர்கள், கடைசியில் என்னைப் பார்த்தீர்கள்.

"அது நக்காதா?"

"நக்குனா வயித்துக்கும் நல்லதுதான்."

நீங்கள் உடனே கொடைக்கானல் மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டீர்கள். டாக்டரம்மா குரல் அம்மிக்கல்லைவிடக் கனமாக வந்தது. "பூனைக்குப் பூண்டு விஷம்மா. ரத்தத்தையே கெடுத்துரும். மேல எதையும் பூசாதீங்க. அமுக்காதீங்க, பிதுக்காதீங்க. எவ்வளவு பெருசுன்னு அளந்து குறிச்சு வச்சுக்கிட்டு, ஒரு தடவ கொண்டாந்து காட்டுங்க. வளந்தா லேட் பண்ணாதீங்க."

அரைத்த பூண்டை நான் ரசத்தில் போட்டுக் குடித்தேன். அவமானம் நன்றாகச் செரித்தது.

அளந்து குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் ஸ்கேல் இருந்தது, தையல் டேப் இருந்தது. ஆனால் நாம் பூண்டுக்காரர்கள். நம் வீட்டில் ஆலங்கட்டி விழுந்தாலும் கொசு கடித்துத் தடித்தாலும் 'ரெண்டு பல்லு தண்டி', 'அரைப் பல்லு தண்டி' என்றுதான் பேச்சு. நீங்கள் முறத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு பல்லாக எடுத்து, ஒரு விரலைக் கலெக்டரின் கழுத்திலும் ஒரு விரலைப் பூண்டிலும் வைத்து, நகை எடை போடுகிறவர் மாதிரிக் கண்ணை மூடிப் பார்த்து, முப்பது நாற்பது பல்லைத் தள்ளிவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள். அசல் அதே அளவு. அதைத் தீப்பெட்டியில் போட்டுப் பத்திரமாகப் பரணில் வைத்தீர்கள். அடுப்புக்கு நேர் மேலே.

பத்து நாள் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று எனக்குத் தடை. நான் மூன்று முறை போனேன். மூன்று முறையும் கலெக்டரே காட்டிக்கொடுத்தார்.

பதினோராம் நாள் தீப்பெட்டியை இறக்கினீர்கள். ஒரு விரல் பூண்டில், ஒரு விரல் கழுத்தில். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று பார்த்த முகம்.

"வளந்திருக்கு" என்றீர்கள். மறுநாள் வெள்ளனே கேரட் கூடையில் கலெக்டரை வைத்து, மேலே சாக்கைக் கட்டி, முதல் பஸ்ஸில் ஏறினோம். வழி முழுவதும் அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் ஹாரனே அடிக்கவில்லை. எதிரே வந்த லாரிகள் தானாக ஒதுங்கின.

மாட்டாஸ்பத்திரி பெஞ்சில் நமக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்ட நாய் ஒன்று, பக்கத்தில் காது வீங்கிய ஆட்டோடு ஒரு பெரியவர். சும்மா இருக்க எனக்கு வருமா? "பெரியவரே, உலகத்துலயே மொத தடவையா பூனைக்கட்டிய மலைப்பூண்டு வச்சு அளந்தது எங்க மதினிதான்" என்று தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். மலை வெளிச்சத்தில் அன்றைக்குத்தான் அதைச் சரியாகப் பார்த்தேன். தோல் சுருங்கி, இடுப்பு ஒடுங்கி, காய்ந்து கிடந்தது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பரண்ல வச்சா பூண்டு வத்தாதா? நீங்க எந்த ஊரு?"

வில்பட்டி என்று சொல்ல நம் இருவருக்கும் வாய் வரவில்லை.

எனக்கோ மழைவிட்ட வானம் மாதிரி ஆகிவிட்டது. "மதினி! கட்டி வளரல! பூண்டுதான் சுருங்கியிருக்கு! எந்திரிங்க, அடுத்த பஸ்ஸ வெரசாப் புடிச்சிருவோம்." கூடையைத் தூக்கியே விட்டேன்.

நீங்கள் கூடையின் மறுகாதைப் பிடித்துக்கொண்டீர்கள். வெட்கத்தில் காது வரை சிவந்திருந்தீர்கள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்க."

"அதான் வளரலேல்ல?"

"சுருங்குனது பூண்டு. கட்டி என்ன செஞ்சுச்சுன்னு நமக்கென்ன தெரியும்? வந்தது வந்தாச்சு. கைவச்சுப் பாத்துச் சொல்லட்டும்."

ஆட்டுக்காரப் பெரியவரிடம், "கேக்குறீங்களா, எங்க மதினி பூண்டு பேச்சையும் கேக்காது, என் பேச்சையும் கேக்காது" என்றேன். நீங்கள் சொன்னீர்கள்: "பூண்டாவது பத்து நாளு சும்மா இருந்துச்சு."

டாக்டரம்மா தீப்பெட்டியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கலெக்டரின் கழுத்தில் கைவைத்தார். சிரிப்பு நின்றது. முடியை வழித்துப் பார்த்தார், ஊசியால் கட்டியிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்தவர் உங்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"இது சும்மா விட்டு வைக்கிற கட்டி இல்லம்மா. இப்ப சின்னதா இருக்கு. சுத்தி இருக்கிற சதையோட சேத்து முழுசா எடுத்துரலாம். பெருசானதுக்கப்புறம் வந்திருந்தீங்கன்னா, கழுத்துல அப்படி எடுக்க எடம் இருந்திருக்காது."

மதினி, அந்தப் பெஞ்சில் என் பேச்சு எடுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். ஒரு காய்ந்த பூண்டு தப்பாகச் சொல்லி நம்மைப் பஸ் ஏற்றியது. தப்பு என்று தெரிந்த பிறகும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தது நீங்கள். கலெக்டர் அதற்கப்புறம் இன்றுவரை வாழ்கிற ஆறு வருஷமும், நீங்கள் இருந்த வரை உங்கள் கால்மாட்டில் யாராவது படுத்திருந்ததும், கடைசி மாதங்களில் உங்கள் கை தடவுவதற்கு ஒரு முதுகு இருந்ததும், அந்த 'உக்காருங்க'வில் வந்தவை. அன்று நான் நன்றி சொல்லவில்லை. "உங்க பூண்டுக்கு டாக்டர் பட்டம் குடுக்கணும்" என்று கேலிதான் செய்தேன்.

இன்று காலை விரல் தட்டியதும் நான் பரணைப் பார்க்கவில்லை, அம்மியைப் பார்க்கவில்லை. கூடையை எடுத்தேன். பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண், ஏதோ லாட்ஜில் வேலை பார்க்கிறதாம், பள்ளிக்கூடப் பையில் வெள்ளைப் பூனையோடு உட்கார்ந்திருந்தது. பூனையின் வயிற்றில் கட்டி. பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. தைரியம் சொல்வதற்காகக் கலெக்டரின் கழுத்துத் தழும்பைக் காட்டிப் பழைய கதையைச் சொன்னேன். "ஆபரேஷன் அன்னிக்குப் பயமா இல்லையா சார்?" என்று கேட்டது.

அதற்கு ஆறு வருஷமாக என்னிடம் ஒரே பதில்தான். "எங்க மதினி அழுத அழுகையில ஏரி ரெண்டடி ஏறி, படகெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மெதந்து வந்துச்சு." கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், கோயில் வாசலில் சொல்லியிருக்கிறேன், உங்கள் சொந்தத் தங்கை முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஒருமுறைகூட மறுத்ததில்லை. "ஆமா, அதுல ஒரு படகப் புடிச்சுத்தான் வீடு வந்து சேந்தேன்" என்று எடுத்துக்கொடுப்பீர்கள்.

இன்று "எங்க மதினி" என்று தொடங்கினேன். எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. பிறகு நடந்ததை நடந்தபடி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அது கேட்டுவிட்டு, "அப்ப நானும் அழலாம்ல சார்" என்றது. அழுதது. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு பூனையோடு உள்ளே போனது.

கலெக்டருக்கு வந்திருப்பது இந்த முறை வெறும் கொழுப்புக்கட்டிதான். ஊசியால் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். ஸ்கேலால் அளந்து சீட்டில் எழுதி, மாதம் ஒருமுறை நானே அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். செய்கிறேன். இப்போது இதை எழுதும் தாளின் பாதியில் அவர்தான் படுத்திருக்கிறார். மீதிப் பாதியில் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆபரேஷனுக்காக உள்ளே கலெக்டருக்கு மயக்க ஊசி போட்டதும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே போனேன், ஞாபகமிருக்கிறதா? டீக்கடைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரத்தடியில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீங்கள் தேடிக்கொண்டு வந்து, என் தோளில் கிடந்த மப்ளரை உருவி என் முகத்தைத் துடைத்துவிட்டீர்கள். "முடிஞ்சிருச்சு, நல்லாருக்கான். வாங்க" என்றீர்கள். வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தீர்கள். உங்கள் கை நடுங்கவே இல்லை.

ஏரி ஏறவில்லை, மதினி. படகும் வரவில்லை. அந்தக் கதையில் ஒரு ஆள் அழுதது மட்டும் நிஜம். அழுதது நான்.