பக்க ஓரத்தில் ஒரு ‘இ’

என் தங்கமே மலர்,

அண்ணி நாத்தனாருக்குக் கடிதம் எழுதுவதே அபூர்வம். அதிலும் போய்ச் சேர்ந்துவிட்ட நாத்தனாருக்கு எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உன்னிடம் சொல்லாமல் எனக்கு எந்தச் சேதியும் செரிப்பதில்லை.

முதலில் வீட்டுச் சேதி. மலையடிவாரக் கொல்லையில் உன் அண்ணன் இந்த முறையும் மரவள்ளிதான் போட்டிருக்கிறார். செவலைப் பசு கன்று போட்டது. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் காலை பஸ் இன்னமும் நம் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நிற்கிறது. முன்னால் ஓடிப் போய்க் கை காட்ட நீ இல்லாததால், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறேன்.

ஆமாம், கள்ளக்குறிச்சிப் பயிற்சி வகுப்புக்கு மறுபடியும் போகிறேன். குரூப் ஃபோர் தேர்வு வருகிறது. “இந்தத் தடவையோட போதும் கவிதா. வராதத புடிச்சி இழுத்துக்கினு இருக்க வேணாம்” என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபத்தில் சொன்னதை மனிதர்கள் மாற்றிக்கொள்வார்கள். பொறுமையாகச் சொன்னதை எங்கே மாற்றுகிறார்கள்?

நாம் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்த லட்சணம் ஞாபகம் இருக்கிறதா? சார் இருமினால் அதையும் எழுதுகிற ஆள் நான். தலைப்புக்குச் சிவப்பு, கேள்விக்குப் பச்சை, விடைக்கு நீலம், சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் கட்டம். நீ எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணி, நோட்ஸ் எழுதறீங்களா, மார்கழிக் கோலம் போடறீங்களா?” என்றாய். முன் பெஞ்சுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

நீயோ சார் பேசும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். இந்தப் பெண் எங்கே தேறப் போகிறது என்று நினைப்பேன். வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போதுதான் நோட்டை மடியில் விரிப்பாய். பக்க ஓரத்தை அகலமாக மடித்து விட்டுவிட்டு, நினைவில் நின்றதை எழுதுவாய். நிற்காமல் போனதற்கு என் கோலத்தைப் பிடுங்கிப் பார்த்துக்கொள்வாய். மறுநாள் பஸ்ஸில் அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவாய்.

“பாத்துப் பாத்து எழுதறது கைக்குத்தான் அண்ணி வேல. ரோசன பண்ணி எழுதனாதான் மண்டைக்கு வேல.” இதைச் சொல்லும்போது உன் வாயில் பஸ் ஸ்டாண்டு போண்டா இருந்தது.

அதுவும் எந்தத் தமிழில் எழுதுவாய்! ஆட்கொணர்வு நீதிப்பேராணை என்று நான் சுத்தத் தமிழில் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். உன் நோட்டில், “ஆள புடிச்சி வெச்சிக்கினு இல்லன்னு சொல்லாத, இட்டாந்து நிறுத்து — கோர்ட்டு.” அத்தோடு பாடம் முடிந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கு உங்கள் பேச்சு ஒரு வேடிக்கை. “அது என்னடி ‘இன்னா’? வாய் நிறைய ‘என்ன’ன்னு கேளேன்” என்பேன். “உங்க ஊரு ‘என்ன’வ நீங்களே வெச்சிக்கோங்க, எங்களுக்கு ‘இன்னா’ போதும்” என்பாய்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. நீ போய்விட்டாய். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் கடிதம் இங்கேயே நின்றுவிடும்.

போன தேர்வுக்கு என் கலர் நோட்டுகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, உன் நோட்டை மட்டும் வைத்துப் படித்தேன். நீ என்னைவிடக் கெட்டிக்காரி என்பது வகுப்புக்கே தெரியும். உன் பக்க ஓரங்களில் அங்கங்கே பெரிதாக ஒரு ‘இ’ இருந்தது. சிலவற்றைச் சுற்றி வட்டம், சிலவற்றுக்கு வட்டம் இல்லை. இ என்றால் இம்பார்ட்டண்ட், வட்டம் போட்டது நீ படித்து முடித்தது, போடாதது படிக்க வேண்டியது என்று நானே முடிவு கட்டினேன். வட்டம் இல்லாத இ ஒன்று விடாமல் நெட்டுருப் போட்டேன். ‘பண மசோதாவும் நிதி மசோதாவும் ஒண்ணு’ என்று நீ எழுதிப் பக்கத்தில் இ போட்டிருந்தாய். அதையும் அப்படியே நம்பிப் போய் விடைத்தாளில் கறுப்பாக்கிவிட்டு வந்தேன்.

தேறவில்லை. விடைக்குறிப்பு வந்தபோது ஒப்பிட்டுப் பார்த்தேன். நீ வட்டமில்லாமல் இ போட்டதில் பாதிக்கு மேல் தப்பு, மீதி அரைகுறை. செத்துப் போனவள் மேல் கோபப்படலாமா? பட்டேன். நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

அதை மறுபடி இறக்கியது ஒரு சாயங்காலம். அத்தை, அதாவது உன் அம்மா, கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்ல எனக்கும் பழகிவிட்டது, பார். நீ போனதிலிருந்து அத்தை யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்காமல், “மலர் இம்பார்ட்டண்ட்டுன்னு போட்டு வச்சதெல்லாம் தப்பா இருக்கு அத்தை” என்று நோட்டைக் கொண்டு வந்து நீட்டினேன்.

அத்தை அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது இன்னா.”

“அதைத்தான் அத்தை நானும் கேக்கறேன், இது என்னன்னு.”

“அய்ய, இது ‘இன்னா’டி! என் எதுர்ல குந்திக்கினு பாடத்த சொல்லுவா. எனுக்கு இன்னா தெரியும்? ‘இன்னாடி அது?’ன்னு கேப்பேன். பதிலு சொல்ல வரலன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இத்த போட்டுக்குவா. அப்பால சார கேட்டுட்டு வந்து, எனுக்கு வெளங்க வெச்சிட்டுத்தான் சுத்தி வட்டமா முட்ட போடுவா.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது மலர். தஞ்சாவூர்க்காரிக்கு இது எப்படித் தோன்றும்? நானாக இருந்தால் ‘எ’ போட்டிருப்பேன். உனக்குப் புரியாத இடங்களாகப் பொறுக்கியெடுத்து மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போன புத்திசாலி உன் அண்ணி. தப்பு உன் நோட்டில் இல்லை. உன் மண்டைக்காக நீ எழுதியதை என் மண்டைக்குள் இறக்கப் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சி ஜெராக்ஸ் கடைகளில் இப்போதும் யார் யாரோ எழுதிய நோட்ஸைப் பிள்ளைகள் கட்டுக்கட்டாக நகல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மூடி வைத்துவிட்டு உங்கள் வாய்ப் பேச்சில் நாலு வரி எழுதிப் பாருங்கள், எழுத வராத இடத்தில் வெட்கப்படாமல் ஒரு குறி போடுங்கள் என்று ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்லத் தோன்றுகிறது. இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தது. பார்க்கட்டும்.

புது நோட்டு வாங்கினேன். ஒரே பேனா. வகுப்பில் காதைக் கொடுக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் எழுதுகிறேன், சாயங்காலம் அத்தை எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன். முதலில் அத்தை ‘ம்’ என்பதோடு சரி. சுவரிடம் பேசுவது போல இருந்தது. விடவில்லை. ஒரு நாள், “பண மசோதா எல்லாம் நிதி மசோதாதான் அத்தை. ஆனா நிதி மசோதா எல்லாம் பண மசோதா ஆகாது” என்றேன்.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. “இன்னாது அது?”

நீ போன பிறகு அத்தை கேட்ட முதல் கேள்வி. நல்லவேளை, எனக்குப் பதில் தெரியவில்லை. ஓரத்தில் இ போட்டேன். மறுநாள் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து உட்கார்ந்தேன்.

“அத்தை, மரவள்ளி எல்லாம் கிழங்குதானே? கிழங்கெல்லாம் மரவள்ளியா?”

“அது எப்பிடி? சக்கரவள்ளி இல்லியா, கருண இல்லியா?”

“அவ்வளவுதான் அத்தை. நிதி மசோதாதான் கிழங்கு, பண மசோதா அதுல மரவள்ளி.”

“இத்த சொல்றதுக்கு இன்னாத்துக்குடி இம்மா சுத்து சுத்தன?” என்று அத்தை சிரித்தார். என் நோட்டில் முட்டை போட்டேன். உன் நோட்டிலும் போட்டேன்.

வாசலில் நின்று உன் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை எனக்கு முன்னால் ஓடிப் போய்க் கை காட்டி அந்த பஸ்ஸை நிறுத்தினார்.

தேறிவிடுவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன் மலர். அது என் கையில் மட்டும் இல்லை. தெரியாததைத் தெரிந்தது போல இனி ஒரு வரியும் எழுத மாட்டேன், அது சத்தியம். உன் நோட்டில் மீந்திருக்கும் ஒவ்வொரு இ-யையும் அத்தைக்கு விளங்க வைத்து முட்டை போடுவேன். தேர்வு முடிந்தாலும் போடுவேன்.

என் புது நோட்டின் முதல் பக்கத்தில் பாடம் எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு இ இருக்கிறது. இந்த வயதில் நீ ஏன் போனாய் என்பதற்காகப் போட்டது. எந்த சாரைக் கேட்டாலும் அதற்கு முட்டை வராது. மற்ற எல்லாவற்றுக்கும் வரும். வர வைக்கிறேன்.

இன்னா என்று கேட்கப் பழகிக்கொண்ட
உன் தஞ்சாவூர் அண்ணி,
கவிதா