ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வளவு

புள்ள,

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மதிலோரம் நிற்கும் நாரத்தை மரம் இந்த வாரம் பூத்துவிட்டது. காலையில் ஈரத்துணி உலர்த்தப் போனவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னங்க, தலை சுத்துதா?" என்றாள். அவளிடம் என்னத்தைச் சொல்வது? ஸ்பெயின் தேசத்தில் செவில் என்றொரு பட்டணம், அங்கே தெருவோரமெல்லாம் நாரத்தை ஜாதி மரந்தான், அந்த வாசனைக்குள் நானும் நீயும் வழி தெரியாமல் திரிந்தோம் என்று சொன்னால், இவளுக்குச் சுற்றுவது தலை மட்டும் இல்லை என்று சாயங்காலத்துக்குள் என் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விடும். வெயில் என்று சொல்லி வைத்தேன்.

நீ இருந்திருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு, "பாலத்துகிட்ட வந்துட்டோம் புள்ள" என்றிருப்பாய். இந்தச் சேலம் ஜில்லாவில் அதைச் சொல்ல இப்போது வேறு நாதி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு எழுத்து தெரியாது, உயிரோடு இருந்தபோதும் நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. போகட்டும், இனிமேல் படித்துக் காட்ட ஆள் தேட வேண்டாம்.

மேட்டூரில் அணை பாதி எழும்பியிருந்த காலம் அது. சேலத்தில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்து படித்துவிட்டு, பங்குச் சாமியார் சிபாரிசில் எஞ்சினியர் துரை வீட்டில் ஆயாவாகச் சேர்ந்திருந்தேன். நீ அணைக்கு மண் சுமக்க வந்தவள். குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, சின்ன வயசிலேயே தாலியறுத்து, பெண் குழந்தையோடு ஜேடர்பாளையத்து அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணிக்காரியின் வாயைத் தாங்க மாட்டாமல் குழந்தையை மட்டும் அங்கே விட்டுவிட்டுக் கூலிக்கு வந்திருந்தாய். ஒருநாள் பங்களாவுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த இடத்தில், கொடியில் காய்ந்த துரைசானியின் பட்டுச் சால்வையில் குஞ்சம் பிய்ந்து தொங்குவதைப் பார்த்து, கேட்காமல் கொள்ளாமல் உட்கார்ந்து முடிந்து வைத்தாய். அடி விழப் போகிறது என்று நான் நினைத்தேன். துரைசானி அந்தச் சால்வையைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, உன்னை வீட்டுக்குள் வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

துரை இங்கிலீஷ்காரர். அவள் செவில்காரி. பிறந்த வீட்டுக்குப் போய்வரக் கப்பல் ஏற இருந்தபோது, தன் குழந்தைக்கு என்னையும் சமையலுக்கு உன்னையும் கூட்டிப் போவதாகச் சொன்னாள். உன் அண்ணன் ஓடி வந்து, கடல் தாண்டினால் சாதி கெட்டுப்போகும் என்று குதித்தார். "தாலியறுத்தவளுக்கு இன்னும் கெட்டுப்போக என்னங்கண்ணா பாக்கி இருக்குது?" என்று கேட்டாய்.

செவிலில் துரைசானியின் வீடு பெரிய மனிதர்கள் வாழும் பக்கம். அங்கே ஜன்னல்கூட இருமாது. ஆனால் அவளுக்குப் பால் கொடுத்து வளர்த்த கிழவி ஆற்றுக்கு அக்கரையில், ட்ரியானா என்ற பேட்டையில் இருந்தாள். அவளுக்கு ஒரு கூடை பலகாரம் கொடுத்தனுப்பினாள் துரைசானி. ஞாயிற்றுக்கிழமை, குழந்தையை அதன் பாட்டி வைத்துக்கொண்டாள். விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று கட்டளை.

இரும்புப் பாலத்தின் நடுவில் நின்று ஆற்றை எட்டிப் பார்த்தாய். "இதுக்கா இத்தாம்பெரிய பாலம்? நம்ம காவேரிக்கு முன்னால இது வாய்க்காலு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் அக்கரையில் கால் வைத்தாய்.

இறங்கினால் சந்தை. அதைத் தாண்டினால் குயவர் தெரு. சூளைப் புகை, ஈரமண் வாசனை, எங்கே பார்த்தாலும் பூப்போட்ட ஓடு. சுவரில் ஓடு, படியில் ஓடு, உட்காரும் பலகையில் ஓடு. பூவை மிதிக்கக் கூடாதென்று நீ படியெல்லாம் தாண்டித் தாண்டி நடந்தாய், நான் சிரித்தேன். இந்தச் சன்னலுக்கும் எதிர்ச் சன்னலுக்கும் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். கொல்லன் ஒருவன் சம்மட்டி போட்டுக்கொண்டே பாட, வாசலில் நின்ற பெண்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். மீன் பொரிக்கிற சட்டியும் தெருவில்தான், பிள்ளைக்குப் பேன் பார்ப்பதும் தெருவில்தான்.

"ஏம்புள்ள, இந்தச் சனத்துக்கு ஊட்டுக்குள்ளார சோலியே இல்லியா?" என்றாய்.

"உன்னையும் என்னையும் பார்க்கத்தான் வெளியே வந்திருக்காங்க" என்றேன். அது பொய்யுமில்லை. ஒரு தெருச் சனமே நம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

வழியில் அன்னம்மாள் கோயில். எங்கள் மாதாவின் தாயார் பெயரில் அங்கே கோயிலைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, உள்ளே இழுத்துப் போனேன். அங்கே ஒரு கல்லறை. படுத்திருக்கும் ஓர் ஆண்பிள்ளையை ஓட்டிலேயே எழுதிப் பதித்திருந்தார்கள். கல்யாணமாகாத பெண்கள் வரிசையாக வந்து அவனைக் காலால் உதைத்துவிட்டுப் போனார்கள். உதைத்தால் மாப்பிள்ளை அமையுமாம். என்னையும் பிடித்துத் தள்ளினார்கள், நானும் உதைத்தேன். நீ பதறிப்போய், "ஐயோ, படுத்திருக்கற மனுசனப் போயி" என்று குனிந்து, நாங்கள் உதைத்த இடத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். எல்லார் பாவத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாயாம்! அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் கோயில்பிள்ளை கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஊர் திரும்பிய மறுவருஷமே எனக்கு ரயில்வேக்கார மாப்பிள்ளை அமைந்தார். அவரிடம் கோபம் வரும்போதெல்லாம் அந்தக் கல்லறையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கிழவியின் வீட்டுக்கு ஒரு இருட்டு நடை வழியாகப் போக வேண்டும். தலையைக் குனிந்து நுழைந்து நிமிர்ந்தால், ஒரே வெளிச்சம். நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, சுற்றிலும் கீழும் மேலுமாகச் சின்னச் சின்னக் குடித்தனங்கள், சுவர் முழுக்கப் பூந்தொட்டி. நீ இடுப்பில் இருந்த கூடையோடு நின்று, "வளவு!" என்று உரக்கச் சொன்னாய். சொந்தம் சுற்றமெல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் நம் ஊர் வளவு அப்படியே கண்முன்னால் நின்றது.

முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பட்டுச் சால்வைகள், விரலில் நூல். அத்தனை பேரும் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தார்கள். நீ கூடையை இறக்கி வைத்துவிட்டு யாரையும் கேட்காமல் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தாய். ஒருத்தி தன் சால்வையின் ஓரத்தை உன் மடிக்கு இழுத்து விட்டாள். அவர்கள் முடிச்சு வேறு, உன் முடிச்சு வேறு. உன்னுடையதை அவர்கள் அவிழ்த்துப் பார்த்தார்கள், அவர்களுடையதை நீ அவிழ்த்துப் பார்த்தாய். விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது என்று உன்னைக் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். ஒவ்வொரு தடவையும் வேறு சந்து வழியாகப் போக வேண்டும் என்பது உன் சட்டம். போகாத சந்து ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை நாம்.

கோடை பிறந்ததும் அந்த வளவில் மல்லிகை வந்தது. கிழவி ஒரு கொத்தைக் கட்டி உன் கொண்டையில் செருகப் போனாள். உன் வெள்ளைச் சீலையைப் பார்த்துவிட்டு அவர்கள் இத்தனை நாளும் உன்னைக் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்று நினைத்திருந்தார்கள். அங்கே வெள்ளை மணப்பெண்ணுக்கு. நான் ஓடிப்போய்த் தடுத்து, கழுத்தைத் தடவி, இல்லையென்று கையை விரித்து, வானத்தைக் காட்டி ஒருவழியாக விளங்க வைத்தேன். கிழவி உன்னைப் பார்த்தாள். தன் கறுப்பு உடுப்பைத் தொட்டுக் காட்டி, நானும் அப்படித்தான் என்பதுபோல் தலையை ஆட்டினாள். பிறகு பூவைச் செருகியே விட்டாள். நீ அசையவில்லை. பாலத்தைத் தாண்டும்வரை அது உன் தலையில் இருந்தது. தாண்டியதும் நீயே எடுத்து ஆற்றில் விட்டாய்.

புறப்பட வேண்டிய வாரம் வந்தது. துரைசானியே ஒருநாள் நம்மோடு ட்ரியானாவுக்கு வந்தாள். கிழவியும் மற்றவர்களும் அவளைச் சுற்றி நின்று நெடுநேரம் பேசினார்கள். பிறகு அவள் தன் சமையல்கட்டுத் தமிழில் உன்னிடம், "மேலே ஒரு அறை காலி. உனக்குத் தர்றது. இவங்ககூட வேலை, இவங்ககூட சாப்பாடு. பேப்பர் நான் பாக்கறது. நீ இருக்கறது? வர்றது? நீ சொல்லு" என்றாள்.

உன் முகம் அப்போது இருந்ததுபோல் முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மாடிப்படியை ஏறிப் போய் அந்த அறையைப் பார்த்தாய். கதவைச் சாத்தினாய், திறந்தாய். சன்னலில் நின்று முற்றத்தைப் பார்த்தாய். நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். இருந்துவிடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வந்துவிடு என்று சொல்லவும் வரவில்லை.

இறங்கி வந்து துரைசானியிடம், "என்ற புள்ள அங்க இருக்குதுங்க. நா வாரேனுங்க" என்றாய். கிழவி உன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். துரைசானி அதைத் தமிழில் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. கப்பலில்தான் என்னிடம் சொன்னாய்: "என்ற மவளுக்கு இது என்னைக்கும் தெரியக் கூடாது புள்ள. அவளுக்காவ வந்தேன்னு தெரிஞ்சா அது தலமேல பாரமாயிரும்."

வந்தபிறகு நீ வாழ்ந்த வாழ்வு எனக்குத் தெரியும். அண்ணன் வீட்டு அடுப்படி, அண்ணியின் வாய், அதே வெள்ளைச் சீலை. செவிலில் சண்டை மூண்டு ட்ரியானா பேட்டைக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள் என்று பேப்பரில் வந்ததை நான் படித்துச் சொன்னபோது, "ஓடிப் பொழச்சிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாய்.

உன் மகள் கல்யாணத்தன்று, மணையில் பெண் உட்கார்ந்திருக்க, நீ பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். மங்கல காரியத்தில் நீ முகம் காட்டக் கூடாதாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே உன் அண்ணியை நாலு கேள்வி கேட்டிருப்பேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். "உடு புள்ள. வா, ட்ரியானா போயிட்டு வரலாம்" என்றாய்.

அதுதான் முதல் தடவை. மேளம் கொட்டக் கொட்ட, நான் பாலத்தைச் சொன்னேன், நீ சந்தையைச் சொன்னாய். நான் குயவர் தெருவைச் சொன்னேன், நீ கொல்லன் பட்டறையைச் சொன்னாய். இப்படியே நடந்து வளவுக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, "விளக்கு வெக்கப் போறாங்க, வா" என்று நீ சொல்ல, பாலம் ஏறித் திரும்பி வந்தோம். அப்புறம் எத்தனையோ தடவை போனோம். எனக்குப் பிள்ளை தங்காமல் போனபோது நீ சேலத்துக்கு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டு அப்படித்தான் நடத்திக் கூட்டிப் போனாய். ஒரு தடவைகூட நாம் திரும்பி வராமல் இருந்ததில்லை.

போன ஆடியில் உன் மகள் ஆள் அனுப்பினாள். நான் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். காய்ச்சலில் உன் உதடு வெடித்திருந்தது. மகள் உன் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "போலாமா?" என்றாய்.

போனோம். நான்தான் அதிகம் சொன்னேன், நீ "ம்" கொட்டினாய். மீன் பொரிக்கிற இடத்தில் மட்டும், "எண்ண காயல" என்றாய். நடைக்குள் குனிந்து நுழைந்தோம். முற்றம் வந்தது. பெண்கள் இடம் விட்டார்கள். உட்கார்ந்தோம். உன் விரல் போர்வையின் ஓர நூலை முறுக்கிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, நீ சொல்ல வேண்டியதை நான் சொன்னேன்: "விளக்கு வைக்கப் போறாங்க. வா, பாலம் ஏறலாம்."

நீ கண்ணைத் திறக்கவில்லை. "நீ போ புள்ள," என்றாய். "நா இருந்துக்கறேன்."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என்னைத் தனியாக விட்டதில்லையே என்று. இன்றைக்கும் சோறு வடிக்கையில், துணி மடிக்கையில் நான் போகிறேன். வளவுவரைக்கும் கால் தானாகப் போகிறது. பாலத்தில் திரும்பி நடக்கும்போதுதான் நீ இல்லாதது தாங்க முடியாமல் இருக்கிறது.

உன் மகள் மாசம் ஒருதரம் என்னைப் பார்க்க வருகிறாள். வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அம்மா கடைசியா இருந்துக்கறேன்னு சொன்னாங்களே, எங்கீங்க சின்னம்மா?"

நீ சொல்லக் கூடாதென்றதை நான் சொல்லவில்லை. "ஒரு வளவுல, கண்ணு" என்பேன்.

"அங்க அவியளுக்கு ஆராச்சும் பழக்கமுங்களா?"

"எல்லாரும் பழக்கந்தான்" என்பேன். அவளுக்கு முகம் தெளிந்துவிடும், எழுந்து பஸ்ஸுக்குப் புறப்படுவாள்.