போகக் கூடாத கிழக்குப் பக்கம்

பாய்,

பரண் மேலிருந்து நம் நான்கு கம்பிகளையும் இன்று இறக்கினேன். உப்புத் தண்ணீரில் ஊறித் துருவேறிய வாசம் இன்னும் போகவில்லை. கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதைத் தூக்கினாலும் உட்காரத்தான் தோன்றுகிறது.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. போத்தனூரில் உங்கள் ரேடியோ ரிப்பேர் கடை, பக்கத்திலேயே மோட்டாருக்குக் காயில் கட்டும் என் கடை. மதுக்கரைப் பக்கம் வீடு கட்ட நீங்கள் வாங்கிய இடத்தின் நட்டநடுவே தண்ணீருக்குப் போர் போட்டபோது, துளை போடும் தண்டு ஓர் ஆள் உயரம் சர்ரென்று இறங்கிவிட்டது. "அடியில சுண்ணாம்புப் பாறைங்க. குகை இருக்குது. ஊடு கட்டுனா ஒருநா உள்ள போயிருமுங்க," என்று சொல்லிவிட்டு போர்வண்டிக்காரர் கிளம்பிவிட்டார். குகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல ஆளில்லை. வேறு இடம் வாங்க உங்களுக்கு வழியுமில்லை.

"நாமளே கண்டுபுடிச்சுப் போடலாமுங்க," என்றீர்கள், கரகரக்கும் ரேடியோவைப் பற்றிச் சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. நான்கு கம்பிகளையும் வரிசையாக அடிப்போம். காய்ந்த மண்ணில் கரண்டு ஏறாது என்று ஒவ்வொன்றின் காலிலும் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். ஓரத்துக் கம்பிகளில் கார் பேட்டரி, மண்ணுக்குள் கரண்டு எவ்வளவு ஓடுகிறதென்று பார்க்க நடுக் கம்பிகளில் மீட்டர். பழைய ஸ்பீக்கர் ஒன்றை மைக் மாதிரி மண்ணில் புதைத்து, நான் சம்மட்டியால் தரையில் அடிக்க, நீங்கள் ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்பீர்கள். வெயிலில் அடித்து அடித்து என் தோள்பட்டை கழன்றுவிடும். தெருவில் போகிறவர்கள் புதையலா என்று கேட்பார்கள். "கெடச்சா உங்களுக்கும் பங்குங்க," என்று சிரிக்காமல் சொல்வீர்கள்.

கிழக்குப் பக்கம் தரை கரண்டை ஓடவே விடவில்லை, சம்மட்டிச் சத்தமும் காலிப் பானை போலக் கணீரென்று கேட்டது. மேற்கில் கரண்டு சுலபமாக ஓடியது, சத்தம் பொத்தென்று அடங்கியது. காற்றில் கரண்டு ஓடாது. அதனால் கிழக்கில்தான் வெற்றிடம், மேற்கில் நல்ல கெட்டி மண். இரண்டு பேருக்குமே சந்தேகமில்லை. மேற்கில் மட்டும் நெருக்கிப் பிடித்து இரண்டே அறை கட்டினீர்கள். கிழக்கில் ஒரு முருங்கைகூட வைக்கவில்லை. உங்கள் மகள் அந்தப் பக்கம் ஓடினால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, "அங்க போகாத கண்ணு, ஊட்டுக்குள்ள வா," என்று கூப்பிடுவீர்கள். அந்த இரண்டு அறையில்தான் அவளுக்குக் கல்யாணம் பேசினோம். கடைசியாகக் காய்ச்சலில் படுத்து நீங்கள் கண்ணை மூடியதும் அங்கேதான்.

போன வாரம் உங்கள் மகள் கூப்பிட்டாள். இன்னோர் அறை கட்டுவதற்காக இன்ஜினியர் மண் சோதனைக்குத் துளை போட்டிருக்கிறார். கிழக்கில் கொஞ்ச ஆழத்திலேயே வெடிப்பில்லாத முழுப் பாறை. மேற்கில், வாசற்படிக்குப் பக்கத்தில் போட்ட துளையிலோ சேறு சேறாக வந்திருக்கிறது. குகைதான், பாய். காலங்காலமாகச் சேறு அடைத்துக் கிடக்கிறது. ஈரச் சேற்றில் கரண்டு ஓடாமல் வேறு எதில் ஓடும்? குகை என்றால் காலியாகத்தான் இருக்கும் என்று நாம் எப்படி நம்பினோமோ. கெட்டிப் பாறையும் கரண்டை விடாது, அடித்தால் கணீரென்றுதான் கேட்கும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

"அத்தா இத்தன வருசம் அதுமேல தானுங்களா மாமா தூங்குச்சு?" என்று கேட்டாள். வீடு இன்றுவரை விரிசல்கூட விடவில்லை. ஆனாலும் கிழக்கில் புதிதாகக் கட்டிக் குடிபோகச் சொல்லிவிட்டார் இன்ஜினியர்.

நேற்றுப் போயிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பேத்தி கிழக்குப் பக்கம் ஓடினாள். உங்கள் மகள் பழக்கத்தில், உங்கள் குரலிலேயே, "அங்க போகாத கண்ணு, ஊட்டுக்குள்ள வா," என்றாள்.

"அங்கயே வெளையாடட்டும் அம்மணி," என்றேன். "நீயும் எந்திரிச்சு வா."