ஒரு பல் தள்ளி மாட்டிய பெல்ட்

லூபென்,

கல்லறைக்கு நான் பஸ்ஸிலேயே போகிறேன். படையலுக்கு அவித்த கோதுமையில் உனக்கும் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன். பீன்ஸ் சூப்பைச் சூடு பண்ணிக்கொள்.

மத்தியானம் மெக்கானிக் ஸ்பாஸ் வருவான். கார் சாவியைக் கொடுத்துவிடு, நேற்று மாதிரி கத்தாதே. மட்டமான பெட்ரோலால்தான் எஞ்சின் தட்டுகிறது என்று நீயும் பங்க் பங்காக மாற்றிப் பார்த்துவிட்டாய். ஸ்பாஸ் எஞ்சின் மூடியைக் கழற்றி எனக்கே காட்டினான். டைமிங் பெல்ட் பல்சக்கரத்தில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, சக்கரக் குறிகள் நேராக நிற்கவில்லை. இப்படியே மலைப்பாதையில் ஏற்றினால் எஞ்சின் நடுவழியில் உடைந்துவிடுமாம்.

"என் பையன் மாட்டினது, எவனும் கை வைக்கக் கூடாது" என்றாய். ஆஸென் சாவதற்கு முன் கடைசியாகத் தொட்ட வேலை அது என்று எனக்கும் தெரியும். அவன் போனதிலிருந்து அந்தக் காரை நான் துடைக்கக்கூட இல்லை. ஆனால் அவன் பக்கத்தில் உன்னையும் படுக்கவைத்துவிட்டு, தனியாக வீடு திரும்ப என்னால் முடியாது.

பென்கா

"யாரு அக்கா இத மாட்டினது?" என்று ஸ்பாஸ் கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்டாலும் அப்படியே சொல்.