இரண்டாம் வகுப்பின் சத்தம்

2025 பெப்ரவரி 6
ஒரு பிள்ளை மேசையருகே வந்து ஏதோ சொன்னாள். "சரி, போய் உக்காரு" என்றேன். "வயிறு வலிக்குது மிஸ்" என்றிருக்கிறாள். வகுப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

பாடசாலை அதிபர் வீரசிங்கம் அன்பாகத்தான் பேசினார். "நூலகத்துக்கு மாறிக்கங்க டீச்சர்."

"கொஞ்சம் பொறுங்க சேர்" என்றேன். காதைப் பற்றி எத்தனை காலம் மறைக்கிறது?

பெப்ரவரி 10
கண்டியில் காது வைத்தியர். நரம்பு பலவீனமாம். மருந்தும் இல்லை, ஒபரேஷனும் இல்லை. அப்போ எதுக்கு வந்தேன்? கேட்டேவிட்டேன். காரணம் கண்டுபிடிப்பது தன் வேலை, எவ்வளவு கேட்கிறதென்று அளப்பவர் வேறொருவர் என்று ஓடியோலொஜிஸ்டிடம் அனுப்பினார்.

பெப்ரவரி 17
அடைத்த சிறு அறை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சோதித்த ஓடியோலொஜிஸ்ட் ருஷ்தாவுக்கு என் வயதுதான். பெரியவர்கள் பேச்சு ஓரளவு கேட்குமாம்; மெல்லிய, கீச்சுக் குரல்கள்தான் நழுவுமாம்.

பிள்ளைங்க குரல்தானா போகணும்?

காது கேட்க மாட்டிக்கொள்ளும் மெஷினுக்குக் காதில் அச்சு எடுத்தாயிற்று.

மார்ச் 3
மெஷின் போட்டேன். கதிரை இழுக்கிற சத்தம், கடதாசி கசங்குற சத்தம் — தலை வெடிக்குது. இடைவேளையில் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

"முடியலன்னா விட்டுரு கஜா, லைப்ரரி நல்லதுதானே" என்றார் சுதேஷ். என் கணவர், என் பக்கம்தான் பேசுகிறார்.

நல்லதுதான். எனக்கு வேணாம்.

மார்ச் 4
கழற்றவில்லை.

மார்ச் 10
ருஷ்தா மெஷினின் சத்தத்தைத் திருத்தினாள். "இது பாதி வேலதான் செய்யும் டீச்சர். மிச்சத்த நீங்க பழகோணும்."

பழக்குபவர் நிரஞ்சன், பேச்சுப் பயிற்சியாளர், யாழ்ப்பாணத்துக்காரர். உதட்டைப் பார்க்கச் சொன்னார். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்கச் சொன்னார். கடைசியில், "ஒளிக்காதேங்கோ. பிள்ளையளிட்டச் சொல்லுங்கோ."

அதுதான் பயம்.

மார்ச் 11
சொன்னேன். மெஷினைக் காட்டினேன். "என் முகத்தைப் பாத்துப் பேசணும். கேக்கலன்னா திரும்பக் கேப்பேன்."

ஒருத்தி கேட்டாள்: "தூங்கும்போதும் போடுவீங்களா மிஸ்?"

அவ்வளவுதான் அவர்களுக்கு. எல்லார் முகமும் எனக்குத் தெரிய மேசைகளை வட்டமாகப் போட்டோம்.

ஏப்ரல் 9
அதிபர் ஒரு பாடம் முழுக்க வகுப்பில் இருந்தார். போகும்போது, "அடுத்த தவணையும் ரெண்டாம் வகுப்பையே பாத்துக்கங்க."

மே 22
பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் டிலானி பக்கத்துப் பிள்ளையிடம் மெதுவாக, "மிஸ்ஸு இன்னைக்குக் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி உடுத்தியிருக்காங்க."

திரும்பாமலே சொன்னேன்: "ஆமா, போறேன். நீ கணக்கைப் போடு."