ஒரு மூட்டைப் பழைய மண்

நாள் 88, காலை 07:10
நிலவு நாற்றங்கால். பதிவு: அங்கயற்கண்ணி. இப்போது இங்கே ஆள் நான் ஒருத்திதான்.
காற்று, நீர் சரி. கீரை நலம். காய்ந்த வேரை எருவாக்க நாங்களே உருவாக்கிய கிருமி வேர்தின்னி. பச்சை வேரையும் தின்ன ஆரம்பித்ததால் புறஊதா ஒளியில் கொன்றோம். இன்றும் சோதித்தேன், ஒன்றுகூட உயிரோடு இல்லை. சனியன் ஒழிந்தது.
என் தங்கை மரகதம் செவ்வாய்க் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறாள். கிளம்பும்போது, கிருமியைக் கொன்று முடித்த இந்தப் பாத்தி மண்ணில் ஒரு மூட்டை கொடுத்துவிட்டேன். புதுப் பாத்தியில் பழைய மண்ணைக் கலப்பது எங்கள் வழக்கம். வழியெல்லாம் கப்பலில் உள்ள ஆறு பேருக்கும் சோறு அங்குள்ள தோட்டம்தான். திரும்பி வர எரிபொருள் கிடையாது.

நாள் 91, மாலை 18:40
கீரை இலை வெளிறுகிறது. பாஸ்பேட் உரம் கரைத்து ஊற்றினேன். மரகதத்தின் தோட்டத்திலும் இதே கதைதானாம். அளவு சொல்லி அனுப்பினேன். அக்கா என்ற மிதப்பு கொஞ்சம் இருந்தது.

நாள் 97, காலை 06:05
கீரை சரிந்து கிடக்கிறது. பிடுங்கினால் வேர் இல்லை, வெறும் கொழகொழப்பு. சோதித்துப் பார்த்தால், தின்றது வேர்தின்னி அல்ல. எருவுக்கு வளர்க்கும் சாதுவான பாக்டீரியா. அதற்குள் வேர்தின்னியின் மரபணு.

09:30
புரிந்துவிட்டது. செத்த கிருமியின் டிஎன்ஏ களிமண் துகளில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதை மண்ணின் நொதிகளால் எளிதில் சிதைக்க முடியாது. ஒளியும் உள்ளே எட்டவில்லை. நான் ஊற்றிய பாஸ்பேட் உள்ளே போனதும் களிமண் அதைப் பிடித்துக்கொண்டு டிஎன்ஏவை விட்டுவிட்டது. பக்கத்துக் கிருமி விழுங்கியது. உயிரோடு இருப்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன், மடச்சி.

09:34
அனுப்பினேன்: "மரகதம், உரம் ஊத்தாதே! நான் குடுத்த மண்ணைத் தனியா எடுத்துப் பூட்டு!"
போய்ச்சேர ஆறு நிமிடம். பதில் வர இன்னொரு ஆறு.
சொன்னதை அவள் என்றைக்கு உடனே செய்திருக்கிறாள்? எழுப்பிவிடவே நாலு தடவை கத்த வேண்டும். இந்த ஒரு தடவை சோம்பேறியாகவே இரு, தாயே. பயமாக இருக்கிறது.

09:47
"அக்கா, நீ சொன்ன அன்னிக்கே ஊத்திட்டேன்க்கா. முதல் தடவையா உன் பேச்சைக் கேட்டேன்னு இங்க எல்லாருகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். மண்ணைத் தனியா எடுன்னா எப்படி? எல்லாப் பாத்தியிலயும் கலந்தாச்சே. வேற மண்ணும் இல்ல. காலையில நாலு செடி சாஞ்சு கிடக்கு. இப்ப என்ன பண்ணணும்? நீ சொல்லுக்கா, உடனே செய்றேன்."

09:52
அங்கே மிச்சமிருக்கும் கீரை ஆறு பேருக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போடுகிறேன்.

09:58
"அக்கா? கேக்குதா? இன்னும் ரெண்டு செடி சாஞ்சிருச்சு."

09:59
"மரகதம், முதல்ல நீங்க ஆறு பேரும் இன்னும் சாயாத செடியை எல்லாம் பறிச்சுக் காய வைங்க, எத்தனை நாளைக்கு வரும்னு எண்ணிச் சொல்லு."