கழட்டிக் காட்டுகிற தோள்

4.6.2025 புதன்

மொபெட் சாவி பறிபோய் மூன்று நாள் ஆகிறது. ஓமந்தூரிலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போகிறேன், பிசியோதெரபிக்கு.

தப்பு என்னுடையதுதான். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு டீக்கடை கரீம் பாய்க்கு வலது கையால் சலாம் போட்டேன். தோள் தானாகக் கழன்றது. நானும் என் வீட்டுக்காரி பாஞ்சாலியும் ரோட்டில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலைமேல் விழுந்தோம். அவளுக்கு முட்டியில் நாலு தையல்.

நாற்பது வருஷமாக நான் கழட்டினால்தான் கழலும். டீக்கடையில் கையைப் பின்னால் முறுக்குவேன், களுக்கென்று இறங்கும், பார்க்கிறவன் அலறுவான், மறுபடி மாட்டிக்கொள்வேன். இப்போது என்னைக் கேட்காமலே கழலுகிறது.

ஆபரேஷன் வேண்டாம், சதையை இறுக்கினால் போதும் என்றார் விழுப்புரம் டாக்டர். மகன் வல்லரசு வண்டிச் சாவியைப் பிசியோ பிள்ளை கலைமதியிடம் கொடுத்து, "நீங்க சரின்னு சொன்னா தான் குடுக்கணும் மேடம்" என்றான். பெத்த புள்ள.

9.6.2025

அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுக்க வேண்டுமாம். பிறகு சுவரைத் தள்ள வேண்டுமாம். தள்ளினேன். வீடு அங்கேயே இருக்கிறது.

14.6.2025

பட்டையை ஆட்டுக் கயிற்றில் கட்டிவிட்டேன். ஆடு நன்றாக இழுக்கிறது.

20.6.2025 வெள்ளி

பயிற்சி செய்த நாளுக்கு டிக் போடத் தாள் கொடுத்திருந்தாள் கலைமதி. இன்று வாங்கிப் பார்த்தாள்.

"ஐயா, முப்பதாம் தேதி இன்னும் வர்லியே. அதுக்கும் டிக் போட்டிருக்கீங்க?"

"அன்னைக்கு மறந்துட்டா இன்னா பண்றது பாப்பா?"

சிரிக்கவில்லை. "கழட்டிக் காட்டறத நிறுத்துங்க. காட்டக் காட்ட லூசாவும். ஒரு நாள் திரும்ப மாட்டாது." மேசை டிராயரைத் திறந்து, சாவியைக் காட்டிவிட்டு மூடினாள். என்னைவிடக் குசும்பு.

28.6.2025

இடது கையால் எழுதறேன். நேத்து தோள் திரும்ப மாட்டல, ஆஸ்பத்திரியில மாட்டி கட்டு போட்டுட்டாங்க.

கரீம் பாய் கடையில ஒரு வெளியூர்க்காரன் கேட்டான், கழட்டினேன். அவ்ளோதான். உசுரே போச்சு. நான் கத்தறேன், எல்லாரும் சிரிச்சிக்கினு இருக்கானுங்க. பாய்தான் மூஞ்சைப் பார்த்தார். "யோவ், நெசமா தான்யா, ஜல்தி ஆட்டோவ கூப்புடு" — அவர் இல்லன்னா?

29.6.2025

பாஞ்சாலி நொண்டிக்கொண்டே வந்து சோறு ஊட்டினாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

2.8.2025

கைக்கட்டு அவிழ்த்து இரண்டு வாரம். தினமும் பட்டை இழுக்கிறேன். நானேதான். ஆடு வேலை போனவன் மாதிரி பக்கத்தில் நிற்கிறது.

12.9.2025 வெள்ளி

கலைமதி கையைப் பிடித்து இழுத்தாள், தள்ளினாள், தோள் அசையவில்லை. சாவியைக் கொடுத்தாள். "மொள்ளமா ஓட்டுங்க ஐயா."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு தடவை முறுக்கிப் பார்த்தேன். வரவில்லை. இனி வராது போல. சந்தோஷப்படத்தானே வேண்டும்?

14.9.2025 ஞாயிறு

பாஞ்சாலியை உட்காரவைத்து வண்டியில் போனேன். டீக்கடையில் சூழ்ந்துகொண்டார்கள். "ஒருவாட்டி கழட்டிக் காட்டு பெரியவரே."

"காட்டமாட்டேன்னு டாக்டரம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டேன்" என்றேன். அப்படி யாருக்கும் கொடுக்கவில்லை. வராது என்று சொல்ல மனசு வரவில்லை.

"நீயா ஒருத்தர் சொல்லிக் கேக்கற? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார் கரீம் பாய். தோள் தொங்கியபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு பயத்தைப் பார்த்ததில்லை.